மழைக்கும் காற்றுக்கும் ஒரே ஜாக்கெட் போதுமா?

நெடுந்தூர நடைக்குச் சாமான் சேர்க்கிறவர்கள் கூடாரத்தையும் தூங்கும் பையையும் முதுகுப்பையையும் எப்படியோ முடிவு செய்துவிடுகிறார்கள். இழுத்துக்கொண்டே போவது ஜாக்கெட் விஷயம்தான். கடையில் தொங்கும் ஒவ்வொன்றிலும் மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும், வியர்வையை வெளியே விடும் என்று சீட்டு ஒட்டியிருக்கும். மூன்றையும் ஒன்றே முழுதாகச் செய்துவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரை உள்ளே விடாத துணி வியர்வையை வெளியே விடவும் தயங்கும். வியர்வையைத் தாராளமாக விடும் துணி மழையில் நனையும். இந்த இழுபறியில் எந்தப் பக்கம் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பவர்களில் பெரும்பாலோருக்கு உயர்ரக ஜாக்கெட் ஒன்றைவிட மெல்லிய ஜாக்கெட்டுகள் இரண்டு நல்லது. நாள் முழுக்கப் போட்டு நடப்பதற்கு 100 கிராம் அளவில் ஒரு காற்று ஜாக்கெட், மழைக்கென்றே 200 கிராமுக்குள் ஒரு மழை ஜாக்கெட். இரண்டும் சேர்ந்தாலும் உறுதியான மூன்றடுக்கு மழை ஜாக்கெட் ஒன்றின் எடைதான் வரும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

வியர்வைக் கணக்கு

ஜாக்கெட் வாங்குகிறவர்கள் மழையைப் பற்றியே யோசிக்கிறார்கள். நடக்கும்போது அதிகம் நனைப்பது பெரும்பாலும் உள்ளே இருந்து வருவதுதான். உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குக்கும் குறைவாகத்தான் நடையாக மாறுகிறது, மற்றதெல்லாம் வெப்பம். முதுகில் சுமையோடு மேடு ஏறும் ஒருவர் 400 முதல் 500 வாட் வரை வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். இந்த வெப்பம் முழுவதையும் வியர்வையே தூக்கிச் செல்லவேண்டும் என்றால், மணிக்கு அறுநூறு எழுநூறு மில்லிலிட்டர் ஆவியாக வேண்டும். காற்று நேரடியாகக் கொண்டுபோகும் வெப்பமும் உண்டு என்பதால் நிஜத்தில் இது குறையும். ஆனால் ஜாக்கெட்டை இழுத்து மூடியதும் அந்த வழி பாதி அடைபட்டுவிடுகிறது.

இப்போது சீட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். "10,000 கிராம்" என்று போட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் அவ்வளவு நீராவியை வெளியே விடும் என்று பொருள். மணிக்குச் சுமார் 415 கிராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆய்வகத்தில் கிடைத்த எண். சோதனை முறைகளே பல. ஜப்பானியத் தரத்தில் கிண்ணத்தை நேராக வைத்து அளக்கும் முறை ஒன்று, கவிழ்த்து வைத்து, ஈரத்தை உறிஞ்சும் உப்புக் கரைசலைக் கொண்டு இழுத்து அளக்கும் முறை இன்னொன்று. ஒரே துணி ஒரு முறையில் சுமாராகவும் இன்னொன்றில் பிரமாதமாகவும் தெரியும். எந்த நிறுவனம் எந்த முறையைத் தன் சீட்டில் போடும் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. எந்த முறை என்று சொல்லாத எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. துணி நீராவியை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் ஆர்.இ.டி. என்ற அளவு கொடுத்திருந்தால் அது கொஞ்சம் நம்பத்தக்கது. அதில் எண் குறையக் குறைய நல்லது: 6-க்குக் கீழே என்றால் நன்றாகவே மூச்சுவிடும், 20-ஐத் தாண்டினால் வேர்த்து ஒழுகும்.

அப்புறம் மழையின் சங்கதி. ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். தோலை ஒட்டிய 33 டிகிரி ஈரக்காற்றில் நீராவியின் அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். வெளியே 8 டிகிரியில் மழை பெய்தால் அங்கே ஒன்றைவிடச் சற்றே அதிகம். வித்தியாசம் நான்கு. அதே மழை 22 டிகிரியில் பெய்தால் வெளி அழுத்தம் 2.6 ஆகிவிடும், வித்தியாசம் இரண்டரைக்குள் சுருங்கிவிடும். வெப்பமான மழையில் எந்த விலைக்கு வாங்கிய ஜாக்கெட்டும் உள்ளே நனைவது இதனால்தான். சரி, குளிர் மழையிலாவது காப்பாற்றுமா என்றால் அங்கே வேறு தொல்லை. துணியின் உட்புறம் குளிர்ந்து கிடப்பதால் ஆவி வெளியேறும் முன்பே அதில் நீராகப் படிந்துவிடுகிறது.

இதோடு மேல்துணி நனைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை ஜாக்கெட்டின் மேல் துணியில் நீரை உருட்டிவிடும் ஒரு பூச்சு இருக்கும். புதிதாக இருக்கும்வரை தண்ணீர் முத்து முத்தாக ஓடும். உராய்வும் அழுக்கும் உடம்பின் எண்ணெய்ப் பசையும் சேரச் சேர அது தேயும். முதலில் போவது தோள்பட்டை வார் அழுத்தும் இடம். அங்கே துணி நீரைக் குடித்துக் கறுத்துப்போகும். கீழே இருக்கும் படலம் இன்னும் நீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மேலே ஒரு நீர்ப்போர்வை கிடக்க, ஆவி எங்கே போகும்? உள்ளே தொட்டுப் பார்த்தால் ஈரம், "ஜாக்கெட் ஒழுகுகிறது" என்று தோன்றும். ஒழுகவில்லை, வியர்த்திருக்கிறது. ஒருநாள் நடைக்குப் போகிறவர் வீடு திரும்பித் துவைத்துப் பூச்சைச் சரிசெய்துகொள்ளலாம். மாதக்கணக்கில் வழியிலேயே இருப்பவருக்கு அந்த வசதி எப்போதாவதுதான் கிடைக்கும். ஆக, மூச்சுவிடும் எண்ணுக்காக மட்டும் கூடுதலாகக் கொடுத்த பணத்தின் பலன் முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

இந்தப் பூச்சில் அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பழைய பூச்சுகள் ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்களால் ஆனவை. சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்கிவிடுகின்றன என்பதால் அவற்றைக் கைவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்தே பெரும்பாலான துணிகளில் அவற்றுக்குத் தடை. நல்ல விஷயம்தான். ஆனால் புதிய பூச்சுகள் நீரைத் தள்ளும் அளவுக்கு எண்ணெயைத் தள்ளுவதில்லை. வியர்வைப் பிசுக்கும் வெயில் களிம்பும் அவற்றை விரைவில் மந்தமாக்கும். புது ஜாக்கெட்டை முன்னைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும் என்று பொருள்.

மழைக்கு என்ன என்ன உண்டு

இந்தப் பின்னணியோடு மழை ஜாக்கெட் வகைகளைப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது.

மூன்றடுக்கு ஜாக்கெட் என்பது மேல்துணி, நடுவே நீர்தடுப்புப் படலம், உள்ளே ஒரு மெல்லிய துணி என மூன்றும் ஒட்டப்பட்டது. இந்த வகையின் மூதாதை கோர்-டெக்ஸ். கோர் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் கோர் 1969-இல் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்தபோது அது கிழியாமல் நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. 1976-இல் அது துணியாகச் சந்தைக்கு வந்தது. நீர்த்துளி நுழைய முடியாத, ஆவி நுழையக்கூடிய துளைகள். இன்று அதே நிறுவனம் ஃபுளோரின் இல்லாத பாலிஎத்திலீன் படலத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. போலார்டெக் நியோஷெல் போன்றவை ஒரு படி மேலே போய்க் காற்றையே துளி அளவு கடத்துகின்றன. நடக்கிறவருக்கு அந்தத் துளியும் உதவும். மூன்றடுக்கின் உண்மையான பலம் உழைப்பு. முட்புதர், பாறை, சுமையான பை எல்லாவற்றையும் தாங்கும். ஈரமான கைகளில் ஒட்டாது. எடை 300 முதல் 450 கிராம் வரை போகும்.

இரண்டரை அடுக்கு என்பதில் உள்துணி கிடையாது. படலத்தின் உட்புறத்தில் புள்ளி புள்ளியாக அச்சிட்ட ஒரு காப்பு மட்டும். அதைத்தான் அரை அடுக்கு என்கிறார்கள். நெடுந்தூர நடையர்கள் அதிகம் வாங்குவது இந்த வகை. அவுட்டோர் ரிசர்ச் ஹீலியம் போன்றவை 180 கிராம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும், மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும். குறை என்னவென்றால், அரைக்கைச் சட்டைமேல் போட்டால் வெறும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். எடை குறைக்க, காற்றோட்டத்துக்காகத் திறந்துவிடும் அக்குள் ஜிப்பையும் சில நேரம் பைகளையும் கூட எடுத்துவிடுவார்கள். பாலியூரித்தேன் பூச்சுள்ளவை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில ஆண்டுகளில் உள்ளே செதில் செதிலாக உரியும். எடையைப் பார்த்தால் நியாயமான ஒப்பந்தம்தான், ஆனால் இதைப் புதருக்குள் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது வகையைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஃப்ராக் டாக்ஸ் தயாரிக்கும், பாலிப்ரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த, காகிதம் போன்ற ஜாக்கெட். எடை 150, 160 கிராம். நன்றாக மூச்சுவிடுகிறது, நீரையும் தடுக்கிறது, மிகவும் மலிவு. அளவு தொளதொளவென்று இருக்கும், முள்ளில் மாட்டினால் கிழியும். கிழிந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் முடித்தவர்கள் உண்டு. மழை எப்போதாவதுதான் வரும் பாதையில் இதற்கு மேல் செலவழிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தோற்றம் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

நான்காவது, மூச்சுவிடுவதாக நடிக்காத துணிகள். சிலிக்கான் பூசிய நைலான் அல்லது பாலியஸ்டர். ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது, ஆவியும் வெளியே போகாது. ஜாக்கெட்டாகத் தைத்தால் உள்ளே வியர்வைக் குளியல்தான். அதையே பொன்ச்சோவாக, முதுகுப்பையையும் சேர்த்து மூடும் தொளதொளப்பான போர்வையாகத் தைத்தால் கதை மாறுகிறது. கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் காற்று புகுந்து வியர்வையை இழுத்துப் போகிறது. எந்தப் படலத்தைவிடவும் திறந்த பக்கவாட்டு அதிகம் மூச்சுவிடும். பைக்குத் தனி உறையும் வேண்டாம். சில வகைகளை இரவில் கூரையாகவும் கட்டலாம். காற்றடிக்கும் முகட்டில் மட்டும் இது பாய்மரமாகிவிடும். காலடி தெரியாத சரிவிலும் ஆபத்து. 1955-இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை 67 வயதில் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் மழைக்கு வைத்திருந்தது குளியலறைத் திரைச்சீலை. அதுவும் ஒருவகைப் பொன்ச்சோதான்.

குடையையும் விட்டுவிட முடியாது. 200 கிராம் சொச்சத்தில் மலையேற்றக் குடைகள் இருக்கின்றன. வெப்ப மழையில், காற்றில்லாத காட்டுப் பாதையில், குடைக்கு நிகர் எதுவும் இல்லை. உள்ளே வியர்வையே கட்டாது. வெயிலுக்கும் ஆகும். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் அதைப் பையின் வாரில் செருகிக்கொள்ள வேண்டும். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கியதும் மடித்துவிட வேண்டியதுதான்.

படலத்தையே வெளியே வைத்துச் செய்த ஜாக்கெட்டுகளும் ஒரு காலம் பேசப்பட்டன. மேல்துணியே இல்லாததால் நனைந்து கனக்கும் பிரச்சினையும் இல்லை. கோரின் ஷேக்ட்ரை அப்படிப்பட்டது. ஓடுகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் கொண்டாடினார்கள். வாரின் உராய்வுக்கு அந்தப் படலம் நெடுநாள் தாங்காது என்பதால் சுமையோடு நடப்பவர்களுக்கு அது என்றுமே சரிப்பட்டதில்லை. இப்போது அந்தத் துணியின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

நீர்தடுப்பு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 10,000 மி.மீ. என்றால் துணிமேல் 10 மீட்டர் உயர நீர்த்தூண் நின்றாலும் கசியாது என்று அர்த்தம், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஐரோப்பிய மழையுடைத் தரமான இ.என். 343-இல் மூன்றாம் வகுப்புக்கே சுமார் 1,300 மி.மீ. போதும். 10,000-க்கு மேல் 20,000 என்று போவதில் நடப்பவருக்கு உணரக்கூடிய லாபம் குறைவு. தண்ணீர் வருவது பெரும்பாலும் துணி வழியாக அல்ல. கழுத்து, மணிக்கட்டு, ஜிப், டேப் உரிந்த தையல், இவைதான் வாசல்கள்.

காற்று ஜாக்கெட் எதற்கு?

மழை ஜாக்கெட்டே காற்றையும் தடுக்குமே, இன்னொன்று ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நின்றுகொண்டிருக்கும்போது அது போதும். நடக்கும்போதுதான் போதாது.

5 டிகிரியில் மணிக்கு 40 கி.மீ. காற்றடித்தால், காற்றுக்குளிர்ச்சிக் கணக்கின்படி திறந்த தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி போலத் தோன்றும். வெயிலும் இருக்கும், மேடும் ஏறிக்கொண்டிருப்பீர்கள். சட்டையோடு போனால் நடுக்கம். மழை ஜாக்கெட் போட்டால் பத்து நிமிடத்தில் முதுகு தெப்பம். கழற்றினால் நனைந்த முதுகில் காற்று. இந்தப் போடு, கழற்று விளையாட்டு நாள் முழுக்கத் தொடரும். படலமோ பூச்சோ இல்லாமல் நெருக்கமாக நெய்த ஒற்றை நைலான் துணி இதைத் தீர்க்கிறது. காற்றின் வேகத்தை உடைக்கிறது, ஆனால் கொஞ்சம் உள்ளே விட்டு வியர்வையை வெளியேற்றுகிறது. கொஞ்சம் நனைந்தாலும் உடம்புச் சூட்டிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். பஞ்சு போன்ற செயற்கை இழையில் செய்த ஃப்ளீஸ் சட்டை தனியாகக் காற்றில் சல்லடைதான். அதன்மேல் இந்த 80 கிராம் துணியைப் போட்டால் இன்னொரு கனத்த சட்டை போட்டது போல வெப்பம் தங்கும். கொசுவுக்கும் தடை.

எந்தக் காற்று ஜாக்கெட் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலோர் எடையை மட்டும் பார்க்கிறார்கள். மான்ட்பெல் நிறுவனத்தில் 50 கிராம் அளவிலேயே கிடைக்கிறது, படகோனியா நிறுவனத்தின் ஹூடினி சுமார் 105 கிராம். அந்த 50 கிராம் வித்தியாசத்தைவிட முக்கியமானது துணி எவ்வளவு காற்றை உள்ளே விடுகிறது என்பது. இதை சி.எஃப்.எம். என்ற அளவில் சொல்வார்கள்: குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு சதுர அடித் துணி வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்பது. ஐந்துக்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய முழுத் தடுப்பு. நின்று ஓய்வெடுக்கவும், முகட்டில் மெல்ல நடக்கவும் நல்லது, வேகமாக ஏறினால் வேர்க்கும். 20, 30, 40 என்றால் நாள் முழுக்கக் கழற்றாமல் நடக்கலாம். 60-ஐத் தாண்டினால் பலத்த காற்றில் சில்லென்று உள்ளே வரும். என் விருப்பம் நடுத்தரம்தான். முழுத் தடுப்பு வேண்டும் என்ற நேரத்துக்குப் பையில் மழை ஜாக்கெட் இருக்கவே இருக்கிறது.

பல நிறுவனங்கள் இந்த எண்ணை வெளியிடுவதில்லை. துணியை வாயில் அழுத்தி வைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சம் முயன்றால் காற்று மறுபக்கம் போகிறதா? நல்லது. கன்னம் உப்பி நின்றுவிடுகிறதா? அது ஓய்வு நேர ஜாக்கெட். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

துணியின் மென்மையை டீனியரில் சொல்வார்கள், 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பது அது. 7 டீனியர் துணி சருகு போல இருக்கும். 15, 20 டீனியர் அன்றாட உழைப்புக்கு. தினமும் வாரின் கீழே கிடக்கப்போவது காற்று ஜாக்கெட் என்பதால், எடையில் 30 கிராம் மிச்சம் பிடிப்பதைவிட 20 டீனியரை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டு ஜாக்கெட் கணக்கில் பலர் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு. காற்று ஜாக்கெட் தினசரி உராய்வையும் வியர்வைப் பிசுக்கையும் வாங்கிக்கொள்வதால், மழை ஜாக்கெட்டின் பூச்சு உண்மையான மழை வரும்வரை புதிதாகவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒன்றையே போடுகிறவர், பெரிய மழை வரும் நாளில் ஏற்கெனவே தேய்ந்துபோன ஜாக்கெட்டோடு நிற்கிறார்.

யாருக்கு எது

வறண்ட, உயரமான, காற்று மிகுந்த பாதை என்றால் காற்று ஜாக்கெட்டில் செலவழியுங்கள், மழைக்கு இருப்பதிலேயே எளியது போதும். அமெரிக்காவின் பசிஃபிக் கிரெஸ்ட் பாதை 4,265 கி.மீ. அதன் கலிஃபோர்னியப் பகுதியில் கோடை பெரும்பாலும் வறண்டது. அங்கே மழை ஜாக்கெட் பையின் அடியில் தூங்கும். ஆனால் உயரத்தில் பிற்பகல் இடிமழையும் அதோடு ஆலங்கட்டியும் வருவதுண்டு. அதனால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் துணிச்சல் வேண்டாம்.

ஈரப்பதம் மிகுந்த காட்டுப் பாதை, வெப்ப மழை என்றால் படலத்தின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுவதே வீண். எப்படியும் நனையப்போகிறீர்கள். திறப்புகள்தான் காப்பாற்றும்: நீளமான அக்குள் ஜிப், பொன்ச்சோ, குடை. காற்று ஜாக்கெட்டுக்கு இங்கே வேலை குறைவு, முகடுகளிலும் மாலை முகாமிலும் மட்டும். 3,500 கி.மீ. நீளும் அப்பலாச்சியன் பாதையின் கோடை இப்படித்தான்.

மரமே இல்லாத திறந்த நிலம், குளிர், படுக்கைவாட்டில் அடிக்கும் மழை. ஸ்காட்லாந்து மேட்டுநிலம், ஐஸ்லாந்து போன்ற இடங்கள். என் இரண்டு ஜாக்கெட் யோசனை தோற்பது இங்கேதான். நாளின் பெரும்பகுதி மழை ஜாக்கெட் உடம்பில் இருக்கும் என்பதால் அது நல்லதாகவே இருக்கவேண்டும். மூன்றடுக்கு, ஆழமான தலைமூடி, இறுக்கக்கூடிய மணிக்கட்டு. 400 கிராமுக்கு மனம் சலிக்காதீர்கள். உடல்வெப்பம் விழுந்து ஆபத்தாவது கடும் பனியில் மட்டும் நடப்பதல்ல. பூஜ்யத்துக்கு மேலே சில டிகிரியில், மழையும் காற்றும் சேர்ந்தால் போதும். நனைந்த துணி வெப்பத்தைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். இத்தகைய இடத்தில் உள்ளே வியர்த்து லேசாக நனைந்திருந்தாலும் அந்த ஈரம் சூடாக இருக்கும்வரை பிழை இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும் குளிர்ந்த மழைநீரையும் காற்றையும் வெளியே நிறுத்துவதுதான் ஜாக்கெட்டிடம் நாம் கேட்கும் வேலை. உள்ளே போடும் சட்டையும் நனைந்தாலும் வெப்பம் காக்கும் கம்பளியாகவோ ஃப்ளீஸாகவோ இருக்கவேண்டும், பருத்தி கூடாது.

மூன்று நான்கு நாள் நடையில், முன்னறிவிப்பும் நன்றாக இருந்தால், அக்குள் ஜிப் உள்ள இரண்டரை அடுக்கு ஒன்றே போதும். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

போட்டுப் பார்க்கும்போது

மழை ஜாக்கெட்டை உங்களிடம் உள்ள அத்தனை சட்டைகளுக்கும் மேலே, இறகுச் சட்டை உட்பட, போட்டுப் பாருங்கள். இறுகினால் இறகு அமுங்கி வெப்பம் போய்விடும். காற்று ஜாக்கெட் ஒரு சட்டைக்கும் மெல்லிய ஃப்ளீஸுக்கும் மேலே பொருந்தினால் போதும், அதிகம் தொளதொளத்தால் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தமே தலைவலி.

முடிந்தால் உங்கள் முதுகுப்பையோடு போய் மாட்டிப் பாருங்கள். இரண்டு கையையும் தூக்கினால் இடுப்புப் பட்டைக்குக் கீழிருந்து ஜாக்கெட் உருவி வருகிறதா, கைமுனை மணிக்கட்டைவிட்டுப் பின்னால் போகிறதா என்று கவனிக்கவும். ஜாக்கெட்டின் பைகள் இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்கவேண்டும். பட்டைக்குக் கீழே மாட்டிக்கொண்ட பை இருந்தும் இல்லாததுதான். தலைமூடியை இறுக்கிவிட்டுத் தலையைத் திருப்புங்கள். மூடி கூடவே திரும்பவேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் துணியின் உட்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பீர்கள். முன்விளிம்பு விறைப்பாக இருந்தால் கண்ணில் நீர் சொட்டாது. கண்ணாடி அணிபவர்களுக்கு இது ஒன்றுக்காகவே ஒரு ஜாக்கெட்டை நிராகரிக்கலாம்.

மழைக் கால்சட்டை பற்றிக் கேட்பார்கள். குளிர் மழைக்கு வேண்டும். வெப்ப மழைக்கு வேண்டாம், கால் நனைந்து காயட்டும். நடுவே உள்ளதற்கு, சில பத்து கிராம் எடையில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் மழைப் பாவாடை போன்ற ஒன்று இருக்கிறது. காற்றோட்டமும் உண்டு, போடவும் கழற்றவும் காலணியை அவிழ்க்க வேண்டியதில்லை.

பழைய ஜாக்கெட் ஒன்று ஏற்கெனவே இருந்தால் புதிது வாங்குமுன் அதை ஒருமுறை சோதியுங்கள். இத்தகைய துணிக்கென்று உள்ள சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, துணிச்சீட்டு அனுமதித்தால் உலர்த்தும் இயந்திரத்தில் மிதமான சூட்டில் சுழற்றுங்கள். சூடு பட்டால் படுத்துப்போன பூச்சு பெரும்பாலும் மறுபடி எழும். தோள் பகுதியில் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடுகிறதா? இன்னும் சில காலம் ஓட்டலாம். ஓடாவிட்டால் புதுப் பூச்சு அடித்துப் பாருங்கள். உள்ளே செதில் உரிந்திருந்தால் மட்டும் அதற்கு மருந்தில்லை.

இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில், இவ்வளவு காற்று ஜாக்கெட் புராணம் பாடியபிறகும், மழை ஜாக்கெட்டைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். காற்று ஜாக்கெட் இல்லாமல் போனால் நாள் முழுக்க எரிச்சல், அவ்வளவுதான். குளிர் மழையில் மழை ஜாக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டால் நடையையே நிறுத்தி இறங்க வேண்டிவரும். அக்குள் ஜிப் உள்ள இரண்டரை அடுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் சில நாட்களில் அதை எத்தனை முறை மழைக்காகப் போட்டீர்கள், எத்தனை முறை வெறும் காற்றுக்காகப் போட்டு வேர்த்துக் கழற்றினீர்கள் என்று பாருங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் வழியில் வரும் அடுத்த ஊரிலேயே காற்று ஜாக்கெட்டை வாங்கிக்கொள்ளலாம்.